கினோவியா: சீசன் முடிந்தபின் நாங்கள் வீடியோ பார்த்த மூன்று சனிக்கிழமைகள்

கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். பதினாறு வயதுக்குட்பட்ட றக்பி அணியின் பொறுப்பாசிரியரும் நான்தான். இந்த வருடம் ஒன்பது போட்டி ஆடி நான்கில் வென்றோம், ஐந்தில் தோற்றோம். சீசன் முடிந்ததும் வழக்கமாக ஒரு தேநீர் விருந்து வைப்போம். பயிற்றுநர் பத்து நிமிடம் பேசுவார், பெடியன்கள் பற்றிஸும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த முறை அப்படிக் கலைந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மூன்று சனிக்கிழமைகளை ஒதுக்கி, நடந்ததை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். அதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது கினோவியா என்ற மென்பொருள். பணம் இல்லாத பாடசாலை அணிகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கண்டிக்காரருக்கு றக்பி வீட்டு விஷயம் மாதிரி. இலங்கைப் பாடசாலைகளில் இந்த விளையாட்டு முதன்முதலாகத் தொடங்கியது இங்கே கிங்ஸ்வூட் கல்லூரியில், 1891இல். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி ட்ரினிட்டி கல்லூரியும் மோதும் பிரட்பி கேடயப் போட்டி 1945 முதல் நடந்து வருகிறது. அது நடக்கும் வாரத்தில் பஸ்ஸிலும் பேக்கரியிலும் வேறு பேச்சு இருக்காது. அதனால் ஒரு சிறிய பாடசாலையின் பதினாறு வயது அணி தோற்றால்கூட, ஏன் தோற்றது என்று சொல்ல ஊரில் ஐம்பது பேர் இருப்பார்கள். எங்கள் கடைசிப் போட்டியில் இரண்டு புள்ளியால் தோற்றோம். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கும் எங்கள் ஃபுல்பெக் பெடியன் உயரமாக வந்த ஒரு பந்தைக் கைநழுவவிட்டான். எதிரணி அதை எடுத்து எங்கள் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து, ட்ரை என்ற புள்ளியைப் பெற்றது. அன்று இரவே பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் அவன் பெயர் ஓடியது. மறுநாள் பயிற்றுநரை மாற்ற வேண்டும் என்ற பேச்சும் வந்தது. திங்கட்கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை.

போன வருடம் நாங்கள் ஒரு தனியார் சேவைக்குப் பணம் கட்டி சீசன் அறிக்கை வாங்கியிருந்தோம். பெயர் வேண்டாம். நாற்பது பக்கம், வண்ண வண்ண வரைபடங்கள், ஒவ்வொருவனுக்கும் எத்தனை டெக்கிள் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து விழுத்துவது), எத்தனை பந்து என்ற கணக்கு எல்லாம் இருந்தது. ஒரு பெடியனும் இரண்டாம் பக்கம் தாண்டிப் படிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘டெக்கிள் வெற்றி 61 சதவீதம்’ என்று எழுதிக் கொடுத்தால் பதினைந்து வயதுப் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்? அடுத்த டெக்கிளில் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று அந்த எண் சொல்லாது.

சரி, கினோவியாவுக்கு வருவோம். இது இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ் கணினியில் மட்டும்தான் ஓடும். மக் வைத்திருப்பவர்களும், போனிலேயே எல்லாம் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் இங்கேயே நிற்கலாம். எங்கள் கணித அறையில் இருக்கும் பழைய லெப்டொப்பில் தடங்கல் இல்லாமல் ஓடியது. வீடியோவைத் திறந்து, தேவையான துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைக்கலாம். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம். படத்தின் மேலேயே கோடு, அம்பு, கோணம், நேரமானி போடலாம். இரண்டு வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கணத்தில் பொருத்தி, சேர்த்து ஓட்டலாம். எங்களுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது.

முதல் சனிக்கிழமை ஸ்க்ரமைப் பார்த்தோம். இரண்டு அணியிலிருந்தும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டித் தள்ளும் இடம் அது. இந்த வயதில் 1.5 மீற்றருக்கு மேல் தள்ள விதி விடாது. ஆனாலும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் ஆட்டத்தின் பாதி மரியாதை இருக்கிறது. எங்கள் ஸ்க்ரம் சீசன் முழுக்கப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பயிற்றுநர் ஆறு மாதமாக ‘இடுப்பைத் தாழ்த்து, இடுப்பைத் தாழ்த்து’ என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறார். ஆனால் ஸ்க்ரமின் முன்வரிசையில் இடப்பக்கம் நிற்கும் எங்கள் ப்ரொப் தன் இடுப்பு தாழ்ந்துதான் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தான். பிடிவாதம் இல்லை, நல்ல பிள்ளை. குனிந்து நிற்பவனுக்குத் தன் முழங்கால் தெரியாது, அவ்வளவுதான்.

கினோவியாவின் கோணக் கருவியை எடுத்தேன். மூன்று புள்ளிகள் வரும். ஒன்றை இடுப்பிலும் ஒன்றை முழங்காலிலும் ஒன்றைக் கணுக்காலிலும் இழுத்து வைத்தால் நடுவில் பாகைக் கணக்கு தானாகவே விழும். தள்ளத் தொடங்கும் நேரத்தில் முழங்கால் 120 பாகையை ஒட்டி மடிந்திருந்தால் காலில் பலம் மிச்சம் இருக்கும். அவனுடைய முழங்கால் 152 பாகையில் நின்றது. ஏறக்குறைய நேர்க்கால். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, அந்த எண்ணைப் பார்த்து, தன் காலைப் பார்த்து, அப்படியே தரையில் குந்தி மடித்துப் பார்த்தான். ‘சேர், இவ்வளவா?’ என்று கேட்டான். முன்வரிசையில் நடுவில் நிற்கும் ஹூக்கர் போய் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் என்னுடைய பெரிய பாகைமானியை வைத்தான். அடுத்த அரை மணித்தியாலம் அறையில் இருந்த முன்வரிசைக்காரர் எல்லோரும் கதிரைகளை ஒதுக்கிவிட்டுக் குந்திக்கொண்டும் அளந்துகொண்டும் இருந்தார்கள். பதினெட்டு வருடமாகக் கோணம் கற்பிக்கிறேன். ஒரு கோணத்தை இவ்வளவு ஆசையாக யாரும் அளந்து நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கமெரா பக்கவாட்டில், நேர் செங்குத்தாக இருந்தால்தான் அந்தக் கோணம் உண்மை. எங்கள் போட்டி வீடியோக்களைப் பெவிலியன் மாடியிலிருந்து ஒரு பெற்றோர் தன் போனில் எடுத்தவர். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் சாய்வாகத் தெரியும், கோணமும் பொய் சொல்லும். அதனால் ஸ்க்ரம் அளவுகளுக்குப் பயிற்சி மைதானத்தில் ஸ்க்ரம் மெஷினுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் போனை நிறுத்தி எடுத்த வீடியோவைத்தான் பயன்படுத்தினேன். ஆட்டத்தைப் பின்தொடர்ந்து கமெராவை ஆட்டிக்கொண்டே எடுத்த வீடியோவில் தூரம், வேகம் எதையும் அளக்கப் போகாதீர்கள். மென்பொருள் எண் ஒன்றைக் காட்டும், ஆனால் அந்த எண்ணை நம்ப முடியாது.

இரண்டாவது சனிக்கிழமைதான் எனக்கு முக்கியமான நாள். டெக்கிள்.

றக்பியில் பந்தோடு ஓடுபவனைவிட அவனைப் பிடித்து விழுத்துபவனுக்குத்தான் தலையில் அடிபடும் ஆபத்து அதிகம். இது நிறையப் பேருக்குத் தெரியாது, பெற்றோருக்கு நிச்சயமாகத் தெரியாது. நிமிர்ந்து நின்று பிடித்தால் தலையும் தலையும் மோதும். குனிந்து பிடித்தாலும் தலையைத் தவறான பக்கம் வைத்தால் ஓடிவருபவனின் இடுப்போ முழங்காலோ நேரே வந்து இடிக்கும். உலகம் முழுக்க இதைத்தான் இப்போது திருத்தப் பார்க்கிறார்கள். பிரான்ஸில் 2019 முதல் அடிமட்டப் போட்டிகளில் இடுப்புக்கு மேலே பிடிக்கக்கூடாது என்று கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் 2023இல் நெஞ்செலும்புக்குக் கீழே என்று இறக்கினார்கள். எங்கள் அணியில் இந்த சீசனில் இரண்டு பேருக்கு மூளை அதிர்ச்சி. இரண்டு பேரும் டெக்கிள் செய்யப் போனவர்கள்.

அதில் ஒருவன் எங்கள் ஃப்ளாங்கர். பயம் அறியாத பெடியன், அணியிலேயே அதிகம் டெக்கிள் செய்பவன். அவனுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவனிடமும் கேட்டு, அந்த வீடியோவைத் திறந்தேன். போனில் விநாடிக்கு 60 ஃபிரேம் எடுத்திருந்தது. வழக்கமான வேகத்தில் ஓட்டினால் ஒன்றும் புரியாது, இரண்டு பேர் மோதுகிறார்கள், ஒருவன் எழவில்லை. ஃபிரேம் ஃபிரேமாகப் பின்னால் போனேன். மோதும் ஃபிரேமுக்கு ஆறு ஃபிரேம் முன்னாலேயே அவன் தலை குனிந்துவிட்டது, புல்லைப் பார்க்கிறான். ஆறு ஃபிரேம் என்றால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஓடிவருபவன் ஒரு கால் மாற்றி உள்ளே வெட்டுகிறான், இவனுக்கு அது தெரியாது. தோள் எங்கே போக வேண்டுமோ அங்கே தலை போய்விடுகிறது. அறையில் சத்தமே இல்லை.

பிறகு பக்கத்துத் திரையில் இரண்டாவது வீடியோவைத் திறந்தேன். அதே பெடியன், அதற்கு மூன்று வாரம் முன்னைய போட்டி, அதே இடத்திலிருந்து ஒரு டெக்கிள். முகம் நிமிர்ந்திருக்கிறது, கண் முன்னால், தலை ஓடுபவனின் பின்பக்கத்தை ஒட்டி, தோள் தொடையில். இரண்டையும் மோதும் கணத்தில் பொருத்தி ஒன்றாக ஓட்டினேன். இரண்டும் அவனே. அவனால் முடியாத எதையும் யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனே ஏற்கெனவே சரியாகச் செய்திருக்கிறான். இந்த ஒன்றுக்காகவே கினோவியாவுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒரு சர்வதேச வீரனின் டெக்கிளைக் காட்டி ‘இப்படிச் செய்’ என்றால் அது எங்கேயோ தூரத்தில் இருக்கிற விஷயம். தன்னையே காட்டினால் பிள்ளை நம்புகிறான். ‘களைப்பில்தான் தலை குனியுது சேர், மற்றது முதல் பாதி’ என்று அவனே சொன்னான். பார்த்தால் உண்மைதான், அடிபட்டது இரண்டாம் பாதியின் கடைசியில். அடுத்த வருடம் டெக்கிள் பயிற்சியை நாங்கள் களைத்த பிறகும் மெதுவான வேகத்தில் செய்து பார்க்கப் போகிறோம். பயிற்றுநர் அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டார்.

அன்றே இன்னொன்றையும் முடிவு செய்தோம். உலக றக்பி சம்மேளனத்தின் ‘அக்டிவேட்’ என்ற உடல் தயார்ப்படுத்தும் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. இங்கிலாந்துப் பாடசாலை அணிகளில் நடத்திய ஆய்வில், வாரத்துக்கு மூன்று முறையாவது அதைச் செய்த அணிகளில் போட்டிக் காயங்கள் 72 சதவீதமும் மூளை அதிர்ச்சி 59 சதவீதமும் குறைந்திருந்தன. நாங்கள் இந்த வருடம் அதை நினைத்தால் செய்வோம், மழை வந்தால் விட்டுவிடுவோம். இனி அப்படி விட முடியாது.

மூன்றாவது சனிக்கிழமை அந்தக் கைநழுவிய பந்து.

அதற்கு முந்தைய புதன்கிழமை அந்தப் பெடியனைத் தனியாகக் கூப்பிட்டு, அவனோடு மட்டும் பார்த்தேன். பார்க்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘போடுங்க சேர்’ என்றான். பந்து கையில் படும் இடத்தில் தொடங்கவில்லை. அதற்கு 14 விநாடி முன்னால் தொடங்கினேன். அங்கே நடுமைதானத்தில் ஒரு ரக். விழுந்த பந்தின் மேல் ஆட்கள் கூடும் இடம். எங்கள் ஆள் ஒருவன் போனால் போதும் என்ற இடத்தில் நான்கு பேர் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவனையும் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அந்த நால்வரில் ஒருவன் எங்கள் வலப்பக்க விங்கர். ஃபுல்பெக்குக்குத் துணையாகப் பின்னால் நின்றிருக்க வேண்டியவன். பந்து வெளியே வருகிறது, எதிரணி வானத்துக்கு உதைக்கிறது. பின்னால் முழு மைதானத்துக்கும் எங்கள் ஃபுல்பெக் ஒருவன்தான். நேரமானியை ஓடவிட்டேன். பந்து வானத்தில் இருந்தது 3.4 விநாடி. அதற்குள் அவன் இருபது மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் ஓடி வந்திருக்கிறான். ஓடி வந்து, நிற்காமலே, கையை உயர்த்திய கணத்தில் இரண்டு எதிரணிக்காரர்கள் அவன் மேல். அவன் அந்தப் பந்துக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

அவன் திரும்பத் திரும்ப அந்த 14 விநாடியை ஓட்டிப் பார்த்தான். ஐந்தாறு முறை இருக்கும். பிறகு, ‘எல்லாருக்கும் காட்டலாம் சேர்’ என்றான்.

சனிக்கிழமை காட்டினோம். ரக்கில் போய் விழுந்த நால்வரும் தாங்களாகவே கையைத் தூக்கினார்கள். விங்கர் பெடியன் சிங்களத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டான். எங்கள் அணியில் தமிழ், சிங்களம், முஸ்லிம் பெடியன்கள் எல்லோரும் இருக்கிறார்கள், அறையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்துதான் பேச்சு.

பழைய மாணவர் சங்கத்தின் இரண்டு பேரையும் அன்று அழைத்திருந்தேன். பயிற்றுநரை மாற்றும் பேச்சு வந்தபோது அவர்களுக்கு நியூசிலாந்தின் கதையைச் சொன்னேன். 2007 உலகக் கிண்ணக் காலிறுதியில், கார்டிஃபில், பிரான்ஸிடம் 20–18 என்று தோற்றார்கள். நாடே கொதித்தது. ஆனாலும் அந்த டிசம்பரில் பயிற்றுநர் கிரஹாம் ஹென்றியையே மீண்டும் நியமித்தார்கள். தோல்வியை ஆராய்ந்த சுயாதீன அறிக்கையை 2008இல் வெளியிட்டார்கள். 2011இல் ஈடன் பார்க்கில் அதே ஹென்றியின் அணி, அதே பிரான்ஸை, 8–7 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. அவர்கள் இருவரும் அந்த 14 விநாடியையும் பார்த்தார்கள். வட்ஸ்அப்பில் அந்தப் பெடியனின் பெயர் அதற்குப் பிறகு வரவில்லை.

இன்னொரு விஷயத்தை நான் மிகவும் கண்டிப்பாக வைத்திருந்தேன். அறைக்குள் வரும்போது எல்லோருடைய போனும் என் மேசை லாச்சிக்குள். திரையைப் படம் எடுக்கக்கூடாது, துண்டு வீடியோ எதுவும் வெளியே போகக்கூடாது. 2011 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு இங்கிலாந்து வீரர்கள் அணி மீளாய்வில் இரகசியம் என்று நம்பிச் சொன்ன கருத்துகள் பத்திரிகையில் வந்துவிட்டன. பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்? இங்கே கினோவியா எனக்குப் பிடித்த இன்னொரு காரணமும் உண்டு. வீடியோவை எங்கேயும் மேலேற்ற வேண்டியதில்லை. எல்லாம் அந்த ஒரு லெப்டொப்பிலேயே இருக்கிறது. இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். முழுப் போட்டியையும் பிரித்து, எத்தனை லைன்அவுட் (வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறிவது) வென்றோம், எத்தனை பெனால்ட்டி கொடுத்தோம் என்று எண்ணித்தரும் கருவி இல்லை இது. அந்த வேலைக்கு வேறு மென்பொருள்கள் உண்டு, நல்லவை பலவும் காசு கேட்கும். நான் அந்தக் கணக்கை ஒரு எக்செல் தாளில் கையாலேயே போட்டேன். ஒரு போட்டிக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. ஒன்பது போட்டிக்கும் போட்டு முடிக்க ஒரு மாதம். அதற்கு நேரம் இல்லாதவர்கள் எல்லாப் போட்டியையும் எடுக்க வேண்டாம். மூன்று போட்டி, ஒவ்வொன்றிலும் நான்கு துண்டு போதும். அப்புறம், நீங்கள் போட்ட கோடும் குறிப்பும் வீடியோவுக்குள் சேமிக்கப்படாது, பக்கத்தில் வேறொரு கோப்பாக இருக்கும். வீடியோவை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பெடியனுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் கோடுகளோடு சேர்த்துப் புதிய வீடியோவாக ஏற்றுமதி செய்யலாம். நான் ஒவ்வொருவனுக்கும் அவனுடைய நல்ல துண்டு ஒன்றை மட்டும் அப்படிக் கொடுத்தேன். பிழையான துண்டு ஒன்றும் வெளியே போகவில்லை.

இதை யாருக்குச் சொல்வேன்? ஒரு ஆசிரியர், ஒரு பழைய விண்டோஸ் கணினி, ஒரு புரொஜெக்டர், மாடியில் நின்று போனில் படம்பிடிக்கும் ஒரு அப்பா. இவ்வளவு உள்ள எந்த அணிக்கும் தாராளமாகச் சொல்வேன். றக்பிதான் என்றில்லை. எங்கள் பாடசாலையின் வலைப்பந்துப் பொறுப்பாசிரியை மூன்றாவது சனிக்கிழமை எட்டிப் பார்த்துவிட்டு, எறியும் கையின் கோணம் பார்க்கலாமா என்று கேட்டு, திங்கட்கிழமை பென்டிரைவோடு வந்துவிட்டார்.

அடுத்த சீசனுக்கு இரண்டு மாற்றம் செய்கிறேன். மாடிக் கமெரா அப்படியே இருக்கும். அதோடு பக்கக் கோட்டில், இடுப்பு உயரத்தில், இன்னொரு போன். அதைப் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் ஃபுல்பெக் வந்து நின்றான். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் போட்டிகளைத் தானே எடுக்கிறானாம். ‘பின்னுக்கு நிக்கிற ஆளையும் சேர்த்து எடுக்கணும் சேர், பந்தை மட்டும் எடுத்தா சரிவராது’ என்று சொல்லிவிட்டு ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.